18-ம் நாளுக்கு அப்புறம் மூடியைத் தொடாதீர்கள்!

வாசகர், காங்கேயம்: தெர்மாகோல் பெட்டியில் பல்பும் சின்ன ஃபேனும் வைத்து நானே இன்குபேட்டர் செய்தேன். மாசி பிறந்ததும் 30 நாட்டுக்கோழி முட்டை வைத்ததில் 11 தான் பொரிந்தது. மீதியில் பல, முழுக்குஞ்சாக வளர்ந்து உள்ளேயே செத்திருக்கின்றன. கடைசி மூன்று நாள் அடிக்கடி திறந்து தண்ணீர்கூடத் தெளித்தேனே?

தெளித்தது நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்காக மூடியைத் திறந்தீர்கள் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் குஞ்சுகள் போயிருக்கும். 18-ம் நாள் வரை ஈரப்பதம் 50–55 சதவீதம் போதும், அப்புறம் 65–70 வேண்டும். காரணம், குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளை போட்டதும் ஓட்டுக்கு அடியில் இருக்கிற வெள்ளைச் சவ்வில் காற்றுப் படுகிறது, அந்தக் காற்று வறண்டிருந்தால் சவ்வு காய்ந்து விறைத்துக் குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அது உள்ளே திரும்பவே முடியாமல் கிடந்து சாகும். மூடியைத் திறந்த நொடியில் சேர்த்து வைத்த ஈரமெல்லாம் வெளியே போய்விடுகிறது. அதனால் 18-ம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போதே அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பாஞ்ச் போட்டு மூடிவிடுங்கள். தட்டு ஆழமாக இருந்து பிரயோஜனம் இல்லை, அகலமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஊற்ற வெளியிலிருந்து ஒரு மெல்லிய டியூப் விட்டுக்கொள்ளலாம். ஈரம் போகக்கூடாது என்று காற்றுத் துளைகளை அடைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம், குஞ்சு மூச்சு விடத் தொடங்குவதே அந்தக் கடைசி நாட்களில்தான்.

இன்னொன்று, பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்றால் மாசிக் கடைசியிலேயே மதிய வெயிலில் அறைச் சூடு ஏறிவிடும், பெட்டிக்கு வேண்டியதோ 37.5 டிகிரி செல்சியஸ்தான். தெர்மோஸ்டாட்டால் பல்பை அணைக்க முடியுமே தவிர பெட்டியைக் குளிர வைக்க முடியாது. ஓட்டு வீட்டின் உள் அறைக்கு மாற்றுங்கள். அப்படியே பெட்டிக்குள் சூடு காட்டுகிற மலிவு மீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: வீட்டில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் அதன் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு டிகிரி வித்தியாசம் 21 நாளும் தொடர்ந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

வாசகி, தாராபுரம்: ஒரு குஞ்சு ஓட்டை போட்டுப் பத்து மணி நேரம் ஆகிறது. கத்துகிறது, வெளியே வரவில்லை. உடைத்துவிடலாமா?

வேண்டாம்மா. துளை போட்டதிலிருந்து வெளியே வர 24 மணி நேரம்கூட ஆகும். அந்த இடைவெளியில் அது சும்மா இல்லை, சவ்வில் ஓடுகிற ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் உடைத்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடாத குஞ்சு கையில் வரும், இரண்டு நாளில் போய்விடும். வெளியே வந்ததையும் உடனே எடுக்காதீர்கள், இறகு காய்ந்து பொசுபொசு என்று ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். பசிக்குமே என்று பதறவும் வேண்டாம், வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தாங்கும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறார்களே, அந்தத் தைரியத்தில்தான்.

வாசகர், குன்னூர்: இங்கே இன்னும் ராத்திரி நல்ல குளிர். முட்டை சேர்த்து வைப்பதும் குஞ்சு வளர்ப்பதும் எப்படி?

சேர்த்து வைக்க உங்கள் ஊர்தான் வசதி, 15–18 டிகிரி இருந்தால் போதும். கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள், ஏழு நாளைத் தாண்ட விடாதீர்கள். ஃபிரிட்ஜ் ஆகாது. மிஷினில் அடுக்கும் முன் சில மணி நேரம் அறைக்குள் வைத்துச் சில்லிப்பு போகட்டும், குளிர்ந்த முட்டையைச் சூட்டில் வைத்தால் ஓடு வியர்த்து, அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே போகும். 7-ம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கம் பிடியுங்கள். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு ஓடுகிறது, ஒன்றுமே இல்லாமல் வெளிச்சமாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். குஞ்சுக்கு முதல் வாரம் 33–35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள்: பல்புக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு.

வாசகர், சென்னை: கடை முட்டையை மிஷினில் வைத்தால் பொரியுமா?

நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. ஆம்லெட் போடுங்கள்.

வாசகி, பொள்ளாச்சி: கோழியை அவயம் (அடை) வைக்கும்போது கூடையில் கரித்துண்டு, இரும்பு ஆணி, வரமிளகாய் வைக்கச் சொல்கிறார் அம்மாயி. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம். மிஷினுக்கும் வைக்கணுமா?

கூடையில் அம்மாயி திருப்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. இடிச் சத்தத்தில் கரு கலங்காது. ஆனால் மிஷின் வைத்திருப்பவர் இடிக்குப் பயப்படத்தான் வேண்டும், கோடை மழையில் முதல் இடிக்கே கரண்ட் போய்விடுமே! போனால் திறக்காமல் பெட்டி மேல் கம்பளி போர்த்துங்கள், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டு. இரண்டு மூன்று மணி நேரக் குளிரைக் கரு பெரும்பாலும் தாங்கும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகலாம். அடிக்கடி கரண்ட் போகிற ஊர் என்றால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள், இரண்டு பல்பு எரிகிற செலவுதான்.

குஞ்சு இறங்கியதும் 7-ம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க லசோட்டா என்கிற தடுப்புச் சொட்டு மருந்தைக் கண்ணில் விட மறக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வாங்கி வாருங்கள்.