ஏழு மாதமா, பத்தொன்பது மாதமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றிரண்டைத் தவிர மற்ற எல்லாமே கிராண்ட் தெப்ட் ஆட்டோ (ஜிடிஏ) என்ற வீடியோ கேம் வரிசையின் ஆறாம் பாகத்தைப் பற்றியே பேசுகின்றன. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டிருப்பதால் (வீட்டில் தெரிந்தால் திட்டு விழும் என்பது காரணமாக இருக்கலாம்) ஊர்ப்பெயரை மட்டும் தருகிறோம்.

காவேரிப்பட்டினம் வாசகர்: எங்களுக்கு மாங்காய் மண்டி இருக்கிறது. ஜிடிஏ 6 வருகிறது என்று 2025-ஐச் சொன்னார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், இப்போது நவம்பர் 19 என்கிறார்கள். இப்படித் தள்ளிக்கொண்டே போவது நம்மை ஏமாற்றுவது ஆகாதா?

உங்கள் எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. முதல் டிரெய்லர் இந்திய நேரப்படி 2023 டிசம்பர் 5 அதிகாலையில் வந்தது. அன்று அதைப் பார்ப்பதற்காக அலாரம் வைத்து எழுந்த பள்ளி மாணவன் இன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். ஆனாலும், வந்திருக்கும் குறைகளிலேயே மிகவும் பலவீனமானது இதுதான் என்பது என் கருத்து. இந்த வரிசையை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் 2021 நவம்பர் 11 அன்று தன்னுடைய மூன்று பழைய ஜிடிஏக்களையும் புதுப்பித்து ஒன்றாக வெளியிட்டபோது, மழை பெய்தால் திரை முழுவதும் வெள்ளைக் கோடுகள் விழுந்தன, கடைப் பலகைகளில் எழுத்துப்பிழைகள் இருந்தன, பத்து நாள் ஆவதற்குள் நிறுவனமே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவசரத்தின் பலனை அப்போது பார்த்தோம். அதே வேளையில், தள்ளிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிட முடியாது. வேறொரு நிறுவனத்தின் விளையாட்டான சைபர்பங்க் 2077 ஒரே ஆண்டில் மூன்று முறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்து, பழைய கன்சோல்களில் (டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டிகளில்) ஓட முடியாமல் திணறி, ஒரே வாரத்தில் சோனியின் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே நவம்பர் 19 என்ற தேதியைப் பென்சிலால் குறித்துவையுங்கள். மேலும், மே மாதக் கடைசி என்றால் உங்கள் மண்டியில் லாரி வரிசை கட்டி நிற்கும் காலம் அல்லவா? நவம்பர் 19 தீபாவளி முடிந்து பதினோராம் நாள் வருகிறது. உங்கள் வரவு செலவுக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓசூர் வாசகர்: சிறு தொழிற்சாலை ஒன்றில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுச் சேமிப்பில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி ஒன்றை, இந்த விளையாட்டை மனத்தில் வைத்தே அமைத்தேன். இப்போது பார்த்தால் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலுக்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் மட்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். பிசிக்கு வருமா, வராதா?

இந்த மாதக் கடிதங்களில் நியாயம் மிகுந்த குறை உங்களுடையதுதான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய கணக்கைப் பார்ப்போம். ஜிடிஏ 3 பிஎஸ்2-இல் 2001 அக்டோபரிலும் பிசியில் 2002 மேயிலும் வந்தது. வைஸ் சிட்டி 2002 அக்டோபரில் வந்து, பிசிக்கு 2003 மேயில் எட்டியது. சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபரும் 2005 ஜூனும். நான்காம் பாகம் 2008 ஏப்ரலும் டிசம்பரும். நான்கு முறையும் ஏறத்தாழ ஏழு மாதம்தான். இந்தப் பழக்கம் முறிந்தது ஐந்தாம் பாகத்தில். 2013 செப்டம்பர் 17 அன்று பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த விளையாட்டு, நடுவில் பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் போய்விட்டு, 2015 ஏப்ரல் 14 அன்றுதான் பிசிக்கு வந்து சேர்ந்தது. அது பத்தொன்பது மாதம். ராக்ஸ்டாரின் இன்னொரு விளையாட்டான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஓராண்டு எடுத்துக்கொண்டது. அதன் முதல் பாகமோ 2010-இல் கன்சோலுக்கு வந்து 2024 அக்டோபரில்தான் பிசியைத் தொட்டது. அதை இந்தக் கணக்கில் சேர்த்தால் நம் மனம் கெட்டுவிடும், விட்டுவிடுவோம்.

முதலில் கன்சோல், பிறகு பிசி என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது, வியாபாரக் காரணமும் இருக்கிறது. கன்சோல் என்றால் பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றே. பிசி என்றால் வீட்டுக்கு வீடு வேறு. பிஎஸ்3-இன் மொத்த நினைவகம் 512 எம்பிதான், அதிலும் பாதி படத்துக்கென்று பிரிக்கப்பட்டது. அத்தனை சிறிய இடத்துக்குள் ஐந்தாம் பாகத்தின் லாஸ் சாண்டோஸ் நகரம் முழுவதையும் ஓட்டிக் காட்டினார்கள் என்றால், பெட்டி எதுவென்று முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் காரணம். பிசியில் அந்த உறுதி கிடையாது. நான்காம் பாகத்தின் பிசி பதிப்பு நல்ல கணினிகளிலும் இழுத்து இழுத்து ஓடியதை அன்று விளையாடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வியாபாரக் காரணத்தைச் சொல்லவே வேண்டாம்: பொறுமை இல்லாதவர் கன்சோலில் ஒரு பிரதியும், பிறகு பிசியில் இன்னொரு பிரதியும் வாங்குவார்.

இவற்றையெல்லாம் புரிந்துகொள்ளலாம். பிசிக்கு எப்போது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் இந்த விளையாட்டைப் பழகியவர்களில் பலர் பிசியில் பழகியவர்கள். ஏழு மாதக் கணக்குப்படி பார்த்தால் 2027-இன் நடுப்பகுதி, பத்தொன்பது மாதக் கணக்குப்படி பார்த்தால் 2028-இன் நடுப்பகுதி. இது என் ஊகம்தான். இந்த விளையாட்டுக்காக என்று சொல்லி இப்போது புதிய கிராபிக்ஸ் கார்டு எதையும் வாங்காதீர்கள். அது வருவதற்குள் கார்டுகளின் அடுத்த தலைமுறையே வந்துவிடக்கூடும்.

பென்னாகரம் மாணவர்: அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் ஜிடிஏ 6 ஓடுமா?

ஓடாது தம்பி. வைஸ் சிட்டி ஓடும். அது கேட்பது 128 எம்பி நினைவகமும் ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவான இடமும் மட்டுமே. ஒகேனக்கல் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதால் ஒரு தகவல்: அதன் கதாநாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது. அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸில்தான் நீச்சலைச் சேர்த்தார்கள்.

அரூர் வாசகர்: ஜிடிஏ 6-இன் மொபைல் பதிப்பை முன்கூட்டியே தருகிறோம் என்று ஒரு வீடியோவின் கீழே லிங்க் இருந்தது. 499 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். இறக்கிய செயலி திறக்கவே இல்லை. நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கும் நண்பர்களிலும் ஒருவர் அந்த லிங்கைத் தொட்டிருப்பார் என்பது என் சந்தேகம். மொபைலுக்கு என்று ராக்ஸ்டார் எதையும் அறிவிக்கவில்லை, பணம் வாங்கிக்கொண்டு முன்னோட்டப் பதிப்பும் யாருக்கும் தரவில்லை. முதலில் அந்தச் செயலியை நீக்குங்கள். அதற்குக் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கொடுத்திருந்தால் வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். பிறகு 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். 499 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். இப்படி விட்டுவிடுவோம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தொகையை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: ஐந்தாம் பாகத்துக்குக் கூடுதல் கதை வரும் என்று காத்திருந்தே என் இருபதுகள் போய்விட்டன. ஆறிலும் ஆன்லைனைக் காட்டிக் கதையைக் கைவிட்டுவிடுவார்களா?

இந்தப் பயம் எனக்கும் உண்டு. நான்காம் பாகத்துக்கு 2009-இல் மட்டும் இரண்டு தனிக் கதைகள் வந்தன, இரண்டும் முழு விளையாட்டுக்கு ஈடாக மெனக்கெட்டுச் செய்யப்பட்டவை. ஐந்தாம் பாகத்துக்கும் கதைச் சேர்க்கை வரும் என்று 2013 இறுதியில் நிறுவனமே சொன்னது, ஆனால் வரவே இல்லை. அதற்குள் 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய, பலர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் ஜிடிஏ ஆன்லைன் பணம் காய்க்கும் மரமாகிவிட்டது. விளையாட்டுக்குள் செலவழிக்கும் பணத்தை உண்மையான பணம் கொடுத்து ‘ஷார்க் கார்டு’ என்ற பெயரில் வாங்கலாம் என்றால், புதிய கதை எழுதும் உழைப்பைவிடப் புதிய கார் ஒன்றைக் கடையில் வைப்பது எளிது. ஐந்தாம் பாகம் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற பிறகு, இந்த வழி தவறு என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் ஜிடிஏ ஆன்லைன் 2021 டிசம்பர் 16 அன்று மூடப்பட்டது. புதிய கன்சோலுக்கு மாறாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் எட்டு ஆண்டுகளாகச் சேர்த்த வீடு, கார், படகு எல்லாம் அன்றோடு போயின. தனியாள் கதையோ இன்றும் அந்தப் பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறாம் பாகத்தைப் பற்றி இதுவரை காட்டியவை எல்லாம் லூசியா, ஜேசன் என்ற இருவரின் கதையையே சுற்றி வருகின்றன என்பது ஓர் ஆறுதல். 2025 மே 6 அன்று வந்த இரண்டாம் டிரெய்லரும் அப்படித்தான். ஆன்லைனைப் பற்றி வாய் திறக்கும் நாளில் தெரியும்.

பாலக்கோடு வாசகி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பிறந்தநாளுக்கு இதைத்தான் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

வேண்டாம் அம்மா. ஐந்தாம் பாகத்துக்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் தரம் குறித்திருக்கிறார்கள், ஆறு அதைவிட மென்மையாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அவன் வண்டி ஓட்டத்தான் கேட்கிறான் என்றால் போர்சா ஹொரைசன் போன்ற கார் விளையாட்டுகள் இருக்கின்றன.

தருமபுரி வாசகர்: தமிழ் சப்டைட்டில் கிடைக்க வாய்ப்பு உண்டா?

ஐந்தாம் பாகத்தில் ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யம், போலிஷ் ஆகியவை உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் ராக்ஸ்டாரின் அலுவலகம் ஒன்று பெங்களூருவிலேயே இருக்கிறது. 1997-இல் அங்கே தொடங்கப்பட்ட த்ருவா இன்டராக்டிவ் என்ற முன்னோடி நிறுவனத்தையும் 2019-இல் வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஓசூரில் பேருந்து ஏறினால் காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இந்த விளையாட்டுகளுக்கான வேலை நடக்கிறது, ஆனால் அதில் ஒரு வரியைக்கூட நம் மொழியில் படிக்க முடியாது. இந்தத் தொடரில் உரையாடலின் பெரும்பகுதி வண்டி ஓட்டும்போதே நடக்கிறது. அமெரிக்கக் கொச்சை காதில் பிடிபடாதவர் சாலையைப் பார்ப்பதா, கீழே ஓடும் ஆங்கிலத்தைப் பார்ப்பதா என்று திண்டாடிக் கம்பத்தில் மோதுகிறார். ஆறில் இது மாறும் என்பதற்கு அறிகுறி எதுவும் தெரியவில்லை. கேட்காமல் கிடைக்காது என்பதால், ராக்ஸ்டாரின் கருத்துப் பெட்டிக்கு நான் எழுதிவிட்டேன், நீங்களும் எழுதுங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: வைஸ் சிட்டியில் பொம்மை ஹெலிகாப்டரில் வெடி வைக்கும் மிஷனை நான் இன்றுவரை முடித்ததில்லை. ஆறாம் பாகத்தில் மீண்டும் அதே நகரத்துக்குப் போகிறோமே, அப்படிப்பட்ட கொடுமை இதிலும் இருக்குமா?

இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மீது வந்த குறைகளில் முக்கியமானது, மிஷன் தொடங்கிவிட்டால் அவர்கள் போட்ட கோட்டை விட்டு நாம் நகரக் கூடாது என்பது. பத்தடி தள்ளிப் போனாலும் தோல்வி என்று திரை சொல்லிவிடும். வைஸ் சிட்டியில் கொடுமை இருந்தது, ஆனால் அதைத் தாண்டும் வழியை நாமே தேட முடிந்தது. துரத்தப்போகிற காரின் வழியில் முன்கூட்டியே ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தி வைத்துவிட்டு மிஷனைத் தொடங்குவோம், விளையாட்டு மறுப்புச் சொல்லாது. ஆறாம் பாகம் நடக்கும் லியோனிடா மாநிலத்தின் கடற்கரை, சதுப்புநிலம், தீவுக்கூட்டம் என்று எவ்வளவோ காட்டியிருக்கிறார்கள். இந்தச் சுதந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும் டிரெய்லரில் பார்க்க முடியாது.

அந்த ஹெலிகாப்டரை நான் முடித்தது தருமபுரி பேருந்து நிலையத்தின் பின்புறம் இருந்த ஒரு ப்ரௌசிங் சென்டரில். மணிக்கு இருபது ரூபாய். ‘பான்சர்’ என்று தட்டினால் பீரங்கி வண்டி வந்து விழும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் நான்கு வெடிகளையும் மாடி மாடியாக ஏற்றி வைக்க அதுபோன்ற எந்தக் குறுக்குவழிச் சொல்லும் (சீட் கோடும்) உதவாது. ஹெலிகாப்டரைச் சாய்க்கும் நம்பர் பேடில் எட்டு என்ற சாவி தேய்ந்து, அழுத்தினால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அண்ணன், நான் அழுத்தும்போதெல்லாம் அந்தச் சாவியை நகத்தால் நெம்பி எடுத்துக்கொண்டே இருந்தார். நான்காவது வெடியை வைத்தபோது கடிகாரத்தில் சில நொடிகள்தான் மிச்சம் இருந்தன. எங்கள் இருவரின் மணிக்கணக்கும் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது; கடைக்காரர் கேட்கவில்லை, அவரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.