‘ஒரே சிட்டிங்கில் கல் கரையும்’ என்பதை நம்பலாமா?

கேள்வி: என் வயது 52. இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 13 மி.மீ. கல். அதிர்வலை கொடுத்தால் ஒரே சிட்டிங்கில் கரைந்துவிடும் என்கிறார், ஸ்கேன் எடுத்த இடத்தில் அறிமுகமான ஒருவர். மருத்துவமனையையும் அவரே ஏற்பாடு செய்வாராம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து 5 மாதம் ஆகிறது. செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

அதிர்வலையில் கல் கரையாது, உடையும். 1980-ல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்த நாளிலிருந்து இதுதான் கதை. இயந்திரம் நொறுக்கித்தான் தரும்; துகள்களைச் சிறுநீர்தான் வெளியே தள்ள வேண்டும். அதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். சிறுநீரை வடிகட்டினால் துணியில் பழுப்பாக மணல் தங்கும். உங்கள் கல் இருப்பதோ கீழறையில். உடைந்த துகள் மேலேறி வர வேண்டும். பாதி அங்கேயே படிந்துவிடும். கீழறைக் கல் 10 மி.மீ. தாண்டினாலே பலன் குறைகிறது.

அப்புறம், கல்லின் கடினம். சி.டி. ஸ்கேனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்றொரு எண் கிடைக்கும். 1000-க்கு மேல் போனால் கல் எளிதில் உடையாது. கணினியிலேயே பார்க்கக்கூடிய எண்தான், ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் அதை எழுதுவதே இல்லை. எத்தனை முறை சொல்லியாயிற்று! நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி உங்கள் மாத்திரைகள். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிடுவீர்கள். அதோடு அதிர்வலை கொடுத்தால் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம். ‘சரி, நாலு நாள் நிறுத்திவிட்டு வாங்க’ என்று அந்த ஆள் சொல்வார். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரைகூட விடாதீர்கள். சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி லேசரால் உடைக்கும் முறை இருக்கிறது; மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு அதுவே ஏற்றது, கீழறைக் கல்லுக்கும் பலன் அதிகம். தொந்தரவு இல்லையென்றால் சில மாதம் காத்திருக்கவும் செய்யலாம். சிறுநீரக அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அந்த இடைத்தரகரிடம் ஒன்று கேளுங்கள்: ‘உடையாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? அங்கே லேசர் இருக்கிறதா?’ அதிர்வலை இயந்திரம் மட்டுமே உள்ள இடத்தில் எல்லாக் கல்லும் அதிர்வலைக் கல்லாகத்தான் தெரியும். ஒரே சிட்டிங் என்று யாராலும் உறுதி தர முடியாது.

இதற்கிடையில் குளிர்காய்ச்சலோடு விலாவில் வலி வந்தால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அடைப்போடு கிருமித்தொற்று சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.