வகுப்பு வேலைக்கு எதற்கு 'முழு உரிமை'?

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மக்கள் தொடர்புப் பாடத்துக்காக ஐந்து பேர் சேர்ந்து ஓர் உணவு நிறுவனத்துக்குப் பிரசாரத் திட்டம் போட்டுத் தர வேண்டும். "முழு உரிமையும் நிறுவனத்துக்கே, எதையும் வெளியே காட்டக்கூடாது" என்ற தாளில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? இன்னொருவர் 800 வெள்ளி கட்டினால் பெரிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்கிறார்.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அந்தத் தாள் இப்படியே இருந்தால் போட வேண்டாம்.

பாடத்துக்காகச் சம்பளமில்லாமல் எழுதிய செய்தி அறிக்கையும் திட்டமும் எழுதிய மாணவர்களுக்கே சொந்தம். நிறுவனம் கேட்டு எழுதியது என்பதற்காக உரிமை கைமாறாது; எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் மாறும். புகைப்படமும் அப்படித்தான். முன்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படம் சொந்தமாக இருந்தது. சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த 2021 நவம்பர் 21 முதல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுத்தவருக்குச் சொந்தம். நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தத் தாளே வருகிறது.

'உரிமையை மாற்றித் தருகிறோம்' என்ற வரியை 'பயன்படுத்த அனுமதிக்கிறோம்' என்று திருத்தச் சொல்லுங்கள். எங்கே, எவ்வளவு காலம் என்று எழுதட்டும்: நிறுவனத்தின் இணையத்தளம், சமூக ஊடகம், 12 மாதம். ஐவரின் பெயரும் வர வேண்டும். விற்பனைக் கணக்கு, இன்னும் கடைக்கு வராத பண்டத்தின் பெயர், அறிமுக நாள் இவை ரகசியம், சரி. 'எதையும்' என்பது ரகசியமல்ல, பேராசை. பண்டம் வெளிவந்த பிறகு வேலை நேர்முகத்தில் காட்டலாம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் 13 வார உழைப்பில் கையில் மிஞ்சுவது மதிப்பெண் மட்டும். உங்கள் மகள் மட்டும் கையெழுத்திட்டால் மற்ற நால்வர் பங்கு மாறாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

கையெழுத்தில்லாமல் உரிமை மாறாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கையெழுத்தே இல்லாமல் முதலாளிக்குப் போய்விடும். வகுப்புத் திட்டம் நடக்கும்போதே "எங்கள் இன்ஸ்டகிராமையும் பார்த்துக்கொள், மணிக்கு 10 வெள்ளி" என்று அதே நிறுவனம் மகளை மட்டும் பகுதிநேர வேலைக்கு எடுத்துக்கொண்டால், எது பாடம், எது வேலை என்று பிறகு பிரிக்கவே முடியாது. சனிக்கிழமை எழுதிய வாசகம் யாருடையது? அப்படி ஓர் அழைப்பு வந்தால் பாடம் முடிந்த பிறகு சேரட்டும். இல்லாவிட்டால் வேலைக்கான கோப்புகளைத் தனி மின்னஞ்சலில், தனி ஃபோல்டரில் தேதியோடு வைக்கட்டும்.

இதையெல்லாம் பெற்றோர் பார்க்க வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. கையேட்டில் 'தொழில்துறைப் பங்காளி' என்று சின்னம் அச்சிடத் தெரிந்த பல்கலைக்கழகங்களுக்கு, மாணவர் உரிமை பற்றி ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கத் தெரிவதில்லை. விரிவுரையாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: தாளைப் பல்கலைக்கழகம் பார்த்ததா, மாணவர் படைப்பு பற்றி அதன் விதி என்ன, கையெழுத்திடாவிட்டால் மதிப்பெண் குறையுமா? பதில் எழுத்தில் வரட்டும்.

இன்னொரு பொறி, தொலைபேசி எண். கருத்துக்கணிப்பு என்று சொல்லி மாணவர்கள் வாங்கிய எண்களை நிறுவனம் விளம்பரத்துக்குக் கேட்கும். கொடுக்கக்கூடாது. எதற்கென்று சொல்லி வாங்கினார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்து வைக்கும் 'டூ நாட் கால்' பதிவேடு வேறு இருக்கிறது; விளம்பரச் செய்தி அனுப்புமுன் அதையும் பார்க்க வேண்டும்.

800 வெள்ளிக்காரரிடம் மனிதவள அமைச்சின் வேலை முகவர் உரிம எண்ணைக் கேளுங்கள். அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். "இது வேலையில்லை, பயிற்சி, உரிமம் தேவையில்லை" என்று மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் வேலை வழிகாட்டிப் பிரிவு இதுபோன்ற இடங்களைக் காசில்லாமல் காட்டித் தருகிறது. தவிர, பல்கலைக்கழகம் முன்கூட்டி ஒப்புதல் தராத பயிற்சியைப் பெரும்பாலும் பட்டத்துக்கான பாடப் புள்ளியில் (கிரெடிட்) சேர்க்க மாட்டார்கள். இதை அந்த மனிதர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.