துத்தநாகம் சாப்பிட்டால் தைராய்டு மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. தைராய்டு குறைவுக்காகச் சில ஆண்டுகளாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்த்த தோழி, துத்தநாகமும் பயோட்டினும் சேர்ந்த மாத்திரையை வாங்கித் தந்தார். துத்தநாகக் குறைவுதான் தைராய்டு கோளாறுக்கே காரணம், அது சரியானால் தைராக்சின் தேவைப்படாது என்கிறார். நிறுத்திப் பார்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம். தோழி சொன்னதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 எனப்படும் தைராக்சினையே சுரக்கிறது. அதிலுள்ள நான்கு அயோடின் அணுக்களில் ஒன்று கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் கழற்றப்பட்ட பிறகே அது வீரியம் மிக்க டி3 ஆக மாறுகிறது. கழற்றும் வேலையைச் செய்யும் நொதிகள் செலினியத்தைக் கொண்டவை. சுரப்பிக்குள் அயோடினைப் பிணைக்கும் நொதிக்கோ இரும்பு வேண்டும். துத்தநாகத்தின் பங்கு கடைசிக் கட்டத்தில் வருகிறது: செல்லின் உட்கருவில் டி3-ஐ ஏற்கும் புரதம், துத்தநாக அணுக்களைச் சுற்றி விரல்போல மடிந்த பகுதிகளைக் கொண்டே டி.என்.ஏ.வைப் பற்றுகிறது. எனவே கடுமையான துத்தநாகக் குறைபாட்டில் ஹார்மோனின் வேலை தடைபடக்கூடும்.

ஆனால், அயோடின் உப்பு புழங்கும் இடங்களில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவுக்கு மிகப் பரவலான காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்தான். அதில் சிதைந்த திசுவை எந்தத் தாதுவும் மீட்டுத் தராது. இதுவரை செய்யவில்லையென்றால் இந்தத் தாக்குதலைக் காட்டும் ஆன்டி டி.பி.ஓ. ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த மாத்திரையில் உள்ள பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். முடிக்கான மாத்திரைகளில் அது அன்றாடத் தேவையைப் போலப் பல மடங்கு இருப்பதுண்டு. சில ஆய்வகங்கள் கையாளும் பரிசோதனை முறையில் அது குறுக்கிட்டு, தைராய்டு குறைந்தால் கூடும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவைக் குறைவாகவும் டி4, டி3 அளவுகளை அதிகமாகவும் காட்டிவிடும். அறிக்கையைப் பார்ப்பவர் தைராய்டு கூடிவிட்டதென்று எண்ணி உங்கள் மருந்தைக் குறைத்தால், முடி இன்னும் கொட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அந்தப் பயோட்டின் மாத்திரையை நிறுத்துங்கள். சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

துத்தநாகத்துக்கும் அளவு உண்டு. பெண்களுக்கு நாளொன்றுக்கு 13.2 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கடைகளில் 50 மில்லிகிராம் மாத்திரையே எளிதாகக் கிடைக்கிறது. அதை மாதக்கணக்கில் விழுங்கினால் உடலில் செம்பு குறைந்து, ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரலாம். செலினியத்தை அளவு மீறிச் சாப்பிட்டாலோ, எதற்காகச் சாப்பிட்டீர்களோ அந்த முடியே உதிரும்.

முடி உதிர்வுக்கு முதலில் டி.எஸ்.எச்., உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பாருங்கள். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவே அடிக்கடி தென்படுகிறது. இரும்பு, கால்சியம், தாதுக்கள் கலந்த சத்து மாத்திரை எதுவானாலும் தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறுவதால் டி.எஸ்.எச். இறங்காமல் நிற்பவர்கள் பலர். உணவில் துத்தநாகம் வேண்டுமென்றால் இறைச்சி, முட்டை, கொண்டைக்கடலை, எள் போதும். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தை உடலில் சேரவிடாது என்றாலும், ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை அதைக் குறைத்துவிடும்.

கேள்வி: வீட்டில் அனைவரும் இந்துப்புக்கு மாறிவிட்டோம். அதில் எல்லாத் தாதுக்களும் இருப்பதால் தைராய்டுக்கு நல்லதுதானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதிலுள்ள தாதுக்கள் பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை, தைராய்டுக்கு முதன்மையாக வேண்டிய அயோடினோ, தனியே சேர்க்கப்பட்டிருந்தாலொழிய, ஏறக்குறைய இல்லை. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பைப் பெற்ற பகுதிகளில் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும் கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராமும் அயோடின் தேவை. வீட்டில் கருவுற்றவர் இருந்தால் இன்றே அயோடின் உப்புக்குத் திரும்புங்கள். அதற்காக அயோடின் மாத்திரை, கடற்பாசி மாத்திரை என்று தேடிப் போக வேண்டியதில்லை. அயோடின் மிகுந்தாலும் ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குச் சுரப்பு மேலும் குறையலாம்.