வாசகர் கேள்வி: தெளிந்த வானிலும் மோதலா?

கேள்வி: லாஸ்பேட்டை விமான நிலையத்தின் அருகில் வசிக்கிறேன். வானம் இவ்வளவு பரந்திருக்க, சிறு விமானங்கள் நிலையங்களுக்கு அருகே மோதிக்கொள்வது எப்படி? தவிர்க்க முடியாதா?
– வாசகர் ஒருவர், புதுச்சேரி

பதில்: வானம் பரந்ததுதான்; ஆனால் இறங்குவோரும் ஏறுவோரும் ஒரே ஓடுபாதையை நாடுவதால், அதைச் சுற்றியுள்ள சிறிய வெளியில் நெருக்கம் கூடிவிடுகிறது. இத்தகைய மோதல்களில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சமுள்ள பகலில் நேர்ந்தவை என்பது வருத்தத்திற்குரிய உண்மை. மோதும் போக்கில் நெருங்கும் விமானம், முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சியைப் போல நகராமல் ஒரே இடத்தில் நின்று, கடைசி சில நொடிகளில்தான் சட்டெனப் பெரிதாகிறது. அசையாத பொருளைக் கண் எளிதில் கவனிப்பதில்லை. மேலும், இறக்கை தாழ்வாக உள்ள விமானத்தின் ஓட்டுநருக்குக் கீழேயும், இறக்கை உயரமாக உள்ளதன் ஓட்டுநருக்கு மேலேயும் பார்வை மறைவதால், ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கும்போது இருவருமே மற்றவரைக் காணாமல் போகலாம்.

ஆகவே, தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், வேறு அறிவிப்பு இல்லாதபோது இடப்புறத் திருப்பங்களுடன் ஓடுபாதையைச் சுற்றி வகுக்கப்பட்ட பாதையில் பறப்பதும், ஒவ்வொரு திருப்பத்திலும் தம் இடத்தை வானொலியில் அறிவிப்பதும், பகலிலும் விளக்கை எரியவிடுவதும் இன்றியமையாதவை. வானொலியை மட்டும் நம்பாமல், வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பார்வையை ஒரு நொடியாவது நிறுத்திப் பார்ப்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.