அப்பா அம்மாவை ஜெர்மனிக்கு அழைக்கும் முன்: மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மியூனிக்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மே மாதம் குழந்தை பிறக்கப்போகிறது, தென்காசியில் இருக்கும் அப்பா அம்மாவை மூன்று மாதம் கூட வைத்துக்கொள்ள என்ன விசா, என்னென்ன காகிதம், விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஸ்டுட்கார்ட்டில் 14 வருடமாக இருக்கிறேன். என் பெற்றோரும் மாமனார் மாமியாரும் பல முறை வந்துபோய்விட்டார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உங்களுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனியும் சேர்ந்த பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. அதில் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது நாள் கணக்கு. விதி மூன்று மாதம் என்று சொல்லவில்லை, எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் என்றுதான் சொல்கிறது. என் அப்பா அம்மா முதல் முறை வந்தபோது மே 1 வருகை, ஜூலை 31 புறப்பாடு என்று டிக்கெட் போட்டிருந்தேன். மூன்று மாதம், சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஜூன் மாதம் ஒரு நாள் ராத்திரி, அப்பா சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகப் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஜூலை 29-லேயே 90 முடிந்துவிட்டது. மே மாதத்துக்கும் ஜூலைக்கும் 31 நாள் என்பதை நான் மறந்துவிட்டேன். வரும் நாள், போகும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். டிக்கெட்டை மாற்றக் கட்டிய பணம் போகட்டும், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் விசா ஸ்டிக்கரே. அதில் மே 1 முதல் ஆகஸ்ட் 13 வரை என்று போட்டிருந்தது. பயணம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் உதவட்டும் என்று செல்லுபடிக் காலத்தைப் பொதுவாக 15 நாள் கூட்டித்தான் தருவார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது தனிக் கட்டத்தில் இருக்கும், அங்கே 90 என்று இருந்தது. ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தையும், ஒரு முறை நுழைவா பல முறை நுழைவா என்பதையும் உங்கள் கண்ணால் பாருங்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். பாரிஸ், சூரிச் போய் வந்தாலும் எல்லாம் அதே 90 நாளில்தான் கழியும். லண்டனுக்கு வேறு விசா. மே 1-இல் வந்து ஜூலை 29-இல் கிளம்பியவர்கள் மறுபடி நுழைய அக்டோபர் 28 வரை காத்திருக்க வேண்டும். முன்பு பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பார்த்துத்தான் நாள் எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கணினிப் பதிவு வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் அதில் தெரிந்துவிடும், அடுத்த விசாவுக்கு அது தடையாக நிற்கும்.

அடுத்து உங்கள் வேலை. உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்’ என்று ஒரு பொறுப்பேற்புப் பத்திரம் வாங்குங்கள். கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட், தங்கும் அனுமதி அட்டை எல்லாம் கேட்பார்கள். இதைச் சும்மா ஓர் அழைப்புக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் இங்கே தங்கும் செலவு, சாப்பாடு, வைத்தியம், திரும்பிப் போகும் செலவு எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அதனால்தான் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம் என்கிறேன். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை வைத்தியச் செலவைத் தரும் பயணக் காப்பீடு போதும். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்றால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல காப்பீடுகள் பணம் தராது. அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுசாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் சென்னையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம், இப்போதே பாருங்கள். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பொதுவாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும்.

நம் ஆட்கள் சிக்குவது பெயரில்தான். அப்பா பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும், உங்கள் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். இவர்தான் உங்கள் அப்பா என்பதை அந்தத் தாள்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பெற்றோர் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள்.

அப்பா அம்மா ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று விசா அதிகாரி நம்ப வேண்டும். பென்ஷன் ஆணை, பட்டா, ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகள், இவையெல்லாம்தான் பேசும். கணக்கில் திடீரென்று பெரிய தொகை போட்டுக் காட்டாதீர்கள், அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். மறுத்தால் முன்பு தூதரகத்துக்கே ஆட்சேபம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அது கிடையாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் முறையே ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள். ஒழுங்காக வந்துபோனால் பலனும் உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பல நுழைவு விசா, அப்புறம் ஐந்து வருடம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்தது. அதிலும் 90 நாள் கணக்கு மாறாது.

விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். என் அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. அதனால் மகள் வீட்டுக்கு வருகிறோம், இன்ன தேதியில் திரும்புகிறோம் என்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதி, என் விலாசமும் போன் நம்பரும் போட்டு அனுப்பினேன். அதையும் டிக்கெட், காப்பீடு, பொறுப்பேற்புப் பத்திரத்தையும் மஞ்சப்பையில் போட்டு விமானம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம். அதிகாரி அட்டையைப் படித்தார், டிக்கெட்டைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். இந்தத் தாள்கள் எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது.

பெட்டியில் நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் வேண்டாம், பாலும் இறைச்சியும் கலந்தவற்றுக்குத் தடை. கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் விடுங்கள். தேங்காய் கொண்டுவரலாம். மாத்திரையை மருத்துவர் சீட்டோடு, தங்கும் நாளுக்கு வேண்டிய அளவு கைப்பையில் வையுங்கள்.

பிரசவத் தேதியை வைத்து வருகையைக் குறித்ததும் எழுதுங்கள், நாள் கணக்கை நானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.