வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர், ஏஜென்ட் ஆரஞ்சு பாதிப்புக்கு உதவித்தொகை பெறுவது எப்படி?

உங்கள் மாமனார் 1969-ல் வியட்நாமில் இருந்தவர். இப்போது சர்க்கரை நோய், பாதங்களில் மரப்பு. இத்தனை காலம் கழித்து, போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சர்க்கரை நோய்க்கு அதை நிரூபிக்கவே வேண்டாம். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையிலான காலத்தில் வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தாலே, அந்தக் களைக்கொல்லி பட்டதாகப் படைவீரர் நலத்துறை ஏற்றுக்கொள்ளும். அதனால் வருவதாகத் துறை ஏற்றுக்கொண்ட நோய்களின் பட்டியலிலேயே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர் அங்கே இருந்ததையும், இப்போது நோய் இருப்பதையும் காட்டினால் போதும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, விண்ணப்பிக்கப்போவதாக ஓர் அறிவிப்பு: படிவம் 21-0966. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பமும் (21-526ஈஇசட்) போய்விட்டால், பொதுவாக அறிவிப்புத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். பேப்பர் எல்லாம் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் பணத்தை இழக்கிறார்கள்.

பலர் சறுக்குவது 'அங்கே இருந்தார்' என்பதில்தான். டிடி-214 விடுவிப்புச் சான்றில் வியட்நாம் சேவைப் பதக்கம் இருந்தால் மட்டும் போதாது. தாய்லாந்தில் இருந்தவர்களுக்கும் கப்பலில் இருந்தவர்களுக்கும்கூட அந்தப் பதக்கம் உண்டு. இடமாற்ற உத்தரவு, படைப்பிரிவுப் பதிவு என ஏதாவது ஒன்றில் ஊரும் தேதியும் தெரிய வேண்டும்.

பாத மரப்பைத் தனியாகக் கோருங்கள், சர்க்கரை நோயின் பின்விளைவு என்று. இதற்கு மட்டும் மருத்துவர் கருத்து தேவை. 'இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தால் எடுபடாது. சர்க்கரையால் வந்திருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்று, காரணத்தோடு எழுத வேண்டும். பாதிப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி சதவீதம் போடுவார்கள். சர்க்கரைக்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தால் 20 சதவீதம். 40-க்குப் போக இன்சுலினோடு, உடல் உழைப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் குறித்திருக்க வேண்டும். இந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் இல்லாததாலேயே பலர் 20-லேயே நின்றுவிடுகிறார்கள்.

துறை கூப்பிடும் உடல் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. அங்கே 'பரவாயில்லை, சமாளிக்கிறேன்' என்று சொல்லும் பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. சொன்னது அப்படியே அறிக்கையில் ஏறிவிடும். இரவில் தூக்கம் கெடுகிறதா, படியிறங்கும்போது தடுமாறுகிறதா என்பதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தமும் இருக்கிறதா? 2022 ஆகஸ்டில் வந்த பாக்ட் சட்டம் அதையும் பட்டியலில் சேர்த்தது. முன்பு மறுத்திருந்தாலும் 20-0995 படிவத்தில் மறுபடி கேட்கலாம். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இலவசமாகவே செய்து தருவார்கள்.